விதை, நண்டு, ஸ்கூல் பை: நாட்ட விட்டு வெளிய போன சீன கலைஞர்களோட படைப்புகள எப்படி பாக்குறது?

2010 அக்டோபர்ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தோட பெரிய ஹால்ல தரை முழுக்க சாம்பல் கலர்ல ஏதோ கொட்டி வச்சிருந்தாங்க, தூரத்துல இருந்து பாத்தா சரளைக்கல்லு மாதிரி இருக்கும், கிட்ட போய் ஒன்ன எடுத்து பாத்தா சூரியகாந்தி விதை, ஆனா கனமா சில்லுன்னு இருக்கும் ஏன்னா அது பீங்கான். மொத்தம் 10 கோடி விதை. சீனாவுல ஜிங்டெசென்னு ஒரு ஊரு, ஒரு காலத்துல அரண்மனைக்கே பீங்கான் செஞ்சு அனுப்புன ஊரு, அங்க கிட்டத்தட்ட 1600 பேரு ரெண்டு வருஷத்துக்கு மேல உக்காந்து ஒவ்வொரு விதையிலயும் கையாலயே பிரஷ்ஷால கோடு போட்டிருக்காங்க. இத செய்ய வச்சவர் சீன கலைஞர் ஐ வெய்வெய்.

இதோட போட்டோவ மொதல்ல பாத்தப்போ எனக்கு அந்த எண்ணிக்கை தான் பிரமிப்பா இருந்துச்சு, இதுல அரசியல் எங்க இருக்குன்னு புரியவே இல்ல. அப்புறம் தான் தெரிஞ்சுது, கலாச்சாரப் புரட்சி காலத்து போஸ்டர்ல மாவோ தான் சூரியன், ஜனங்க எல்லாரும் அவர் பக்கம் முகத்த திருப்பி நிக்குற சூரியகாந்தி. அதே காலத்துல கையில ஒன்னுமே இல்லாத ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் பகிர்ந்து கொறிச்சதும் இதே விதை தான். இது தெரிஞ்சப்புறம் அந்த தரைய பாக்குறதே வேற மாதிரி ஆயிடுச்சு. ஒன்னு மாதிரி இன்னொன்னு தெரியுது, ஆனா உண்மையில ஒன்னு கூட இன்னொன்னு மாதிரி இல்ல, ஒவ்வொன்னுலயும் ஒரு ஆளோட கை இருக்கு.

இந்த ஏரியாவுக்கு புதுசா வர்றவங்களுக்காக தான் இத எழுதுறேன். சீன மொழி தெரியணும்னு இல்ல, ஓவியம் படிச்சிருக்கணும்னும் இல்ல. ஒரு படைப்பு முன்னாடி நின்னா, இல்ல போன்ல பாத்தா, எத மொதல்ல கேக்கணும் எத அப்புறம் கேக்கணும்னு ஒரு வரிசை வேணும், அவ்வளவு தான். நான் வருஷக்கணக்கா தேடிப் பாத்து எனக்கு செட் ஆன வரிசை இது.

மொதல் வேலை: ரெண்டு தேதிய எழுதிக்கோங்க

ஒன்னு அந்த படைப்பு செஞ்ச வருஷம், இன்னொன்னு கலைஞர் நாட்ட விட்டு போன வருஷம். இத பண்ணாம சின்னங்களுக்கு அர்த்தம் தேட ஆரம்பிச்சா கண்டிப்பா தப்பா போகும். ஏன்னா நாம "வெளிநாட்டுல இருக்குற கலைஞரோட எதிர்ப்பு"ன்னு நெனச்சு பாக்குற பாதி படைப்புகள் உண்மையில உள்ள இருக்கும்போதே, ஆபத்து பக்கத்துலயே இருக்கும்போது செஞ்சது. சூரியகாந்தி விதை செஞ்சப்போ ஐ வெய்வெய் பெய்ஜிங்ல தான் இருந்தார். 2011 ஏப்ரல் 3-ம் தேதி ஏர்போர்ட்ல புடிச்சாங்க, 81 நாள் எங்க இருக்கார்னு சொல்லாம வச்சிருந்தாங்க, அப்போ புடுங்குன பாஸ்போர்ட் 2015-ல தான் திரும்ப வந்துச்சு, அதுக்கப்புறம் தான் ஜெர்மனி, இங்கிலாந்து, போர்ச்சுகல்னு போனார்.

வாங் கெபிங்க எடுத்துக்கோங்க. 1978-ல ஒரு மரக்கட்டையில ஒரு தலைய செதுக்குறார், வாயில ஒரு கட்டைய வச்சு அடைச்ச மாதிரி, பேரு "மௌனம்". 1979 செப்டம்பர் 27-ம் தேதி "நட்சத்திரங்கள்"னு ஒரு குழு, அதுல ஐ வெய்வெய்யும் இருந்தார், உள்ள எடம் கெடைக்காததால பெய்ஜிங்ல தேசிய கலைக்கூடத்துக்கு வெளிய இருந்த கம்பி வேலியில படங்கள மாட்டி கண்காட்சி வச்சாங்க, போலீஸ் வந்து நிறுத்துச்சு, அக்டோபர் 1-ம் தேதி, மக்கள் குடியரசோட 30-வது ஆண்டு விழா அன்னிக்கே ஊர்வலம் போனாங்க. வாங் கெபிங் 1984-ல பிரான்ஸ் போயிட்டார். ஆக அந்த அடைச்ச வாய் வெளிநாட்டுல உக்காந்து சௌகரியமா செதுக்குனது இல்ல.

கூடவே சில வருஷங்கள மனப்பாடமா வச்சுக்கோங்க: 1957 வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் (கட்சிய விமர்சிச்ச எழுத்தாளர்கள, அறிவாளிங்கள தண்டிச்சது), 1966-ல இருந்து 1976 வரைக்கும் கலாச்சாரப் புரட்சி, 1989 தியானன்மென் (பெய்ஜிங் சதுக்கத்துல ஜனநாயகம் கேட்டு போராடுன மாணவர்கள ஜூன் 4-ல ராணுவம் அடக்குனது), 2008 சிச்சுவான் பூகம்பம், 2019 ஹாங்காங் போராட்டம், 2022 வெள்ளைத்தாள் போராட்டம். எந்த படைப்ப எடுத்தாலும் இதுல ஏதாவது ஒன்னுல போய் முட்டும். சில பேருக்கு அது அவங்க பொறந்த வீட்டுலயே இருக்கு. ஐ வெய்வெய்யோட அப்பா ஐ சிங் பெரிய கவிஞர், மகன் கைக்குழந்தையா இருக்கும்போதே ஊர விட்டு விரட்டி கடைசியில ஷின்ஜியாங் பக்கம் கொண்டு போய் விட்டாங்க, தரையில தோண்டுன குழியில குடும்பம் வாழ்ந்துச்சு, அவர் பொது கக்கூஸ் கழுவுனார். இத தெரிஞ்சுக்கிட்டு மகனோட படைப்புகள பாருங்க, எவ்வளவு பொறுமையா ஒரே வேலைய ஆயிரக்கணக்கான தடவை செய்ய வைக்கிறார்னு புரியும்.

அடுத்து சத்தத்த கேளுங்க

சீனத்துல ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைங்க ஏராளம், லேசா ராகம் மாறும் அவ்வளவு தான், அதனால சிலேடை அவங்களுக்கு அன்றாடப் பேச்சு. சென்சார் வந்தப்போ அந்த சிலேடை தான் ஆயுதமா மாறுச்சு.

நண்டு கதைய பாத்தா போதும். ஹு ஜின்டாவ் சீன அதிபரா இருந்த காலத்துல அரசாங்கத்தோட பெரிய கோஷம் "இணக்கமான சமூகம்", இணக்கத்துக்கு சீனத்துல "ஹெசியே". இணையத்துல போஸ்ட்ட தூக்குனா ஜனங்க "என்ன இணக்கமாக்கிட்டாங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்புறம் அந்த வார்த்தைக்கும் கெடுபிடி வந்ததும் கிட்டத்தட்ட அதே சத்தத்துல இருக்குற இன்னொரு வார்த்தைக்கு மாறுனாங்க, அது ஆத்து நண்டு. 2010-ல ஷாங்காய்ல அதிகாரிங்களே கேட்டு கட்ட வச்ச ஐ வெய்வெய்யோட ஸ்டூடியோவ இடிக்கணும்னு அதே ஊர் அதிகாரிங்க உத்தரவு போட்டாங்க. அவர் என்ன பண்ணார்னா நவம்பர்ல அங்க எல்லாருக்கும் ஆத்து நண்டு விருந்துன்னு அழைப்பு விட்டார். அவர பெய்ஜிங் வீட்டுலயே அடைச்சு வச்சுட்டாங்க, ஆனா நூத்துக்கணக்கான பேர் போய் நண்டு சாப்பிட்டாங்க. 2011 ஜனவரியில கட்டடம் இடிபட்டுச்சு. அப்புறம் பீங்கான்ல 3000-க்கு மேல நண்டு செஞ்சு குவியலா கொட்டி வச்சார். அந்த குவியல கிட்ட பாருங்க, சிலது செவப்பு, சிலது கருஞ்சாம்பல். நண்டு வேகும்போது தான் செவக்கும், உயிரோட இருக்குறது கருப்பா தான் இருக்கும். இது என்னோட பார்வை தான், ஆனா வீட்டுல நண்டு சமைக்கிற யாருக்கும் இது மொதல்லயே கண்ணுல படும்.

அதனால ஒரு படைப்புக்கு முன்னாடி நிக்கும்போது தலைப்பு சீனத்துல என்னன்னு தேடுங்க, அத ஆடியோவுல ஒரு தடவை கேளுங்க, அதே சத்தத்துல வேற என்ன வார்த்தை இருக்குன்னு பாருங்க. மொழிபெயர்ப்புல மொதல்ல காணாமப் போறது சிலேடை தான்.

எண்களும் இப்படி தான். ஜூன் 4-ன்னு சொல்ல முடியாததால "மே 35"னு எழுதுனாங்க, 1989-ம் வருஷம் 6-ம் மாசம் 4-ம் தேதிங்கறது 8964 ஆச்சு. சிற்பி சென் வெய்மிங் செஞ்ச ஜனநாயக தேவி சிலை 2010-ல ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்துல நின்னுச்சு, அதோட உயரம் 6.4 மீட்டர். உயரத்த யாரு தடை பண்ண முடியும்? ஆனா 2021 டிசம்பர் 24-ம் தேதி விடியறதுக்குள்ள சிலையவே தூக்கிட்டாங்க. மூல சிலை 1989 மே கடைசியில பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் நாலே நாள்ல தெர்மாகோலும் காகிதக் கூழும் வச்சு செஞ்சது, 10 மீட்டர், அத மே 30-ம் தேதி தியானன்மென் சதுக்கத்துல மாவோ படத்துக்கு நேரா, முகத்துக்கு முகம் பாக்குற மாதிரி நிறுத்துனாங்க. அஞ்சு நாள் நின்னுச்சு. ஒரு சிலை எந்த பக்கம் பாக்குதுங்கறதும் ஒரு சின்னம் தான், அதையும் நோட் பண்ணுங்க.

மாவோ முகம் வந்தா

புதுசா வர்றவங்க இங்க தான் அவசரப்படுவாங்க, மாவோ படத்த பாத்ததும் "ஓ கிண்டல் பண்றாங்க"ன்னு முடிச்சுடுவாங்க. கொஞ்சம் நின்னு பாருங்க. கலாச்சாரப் புரட்சி காலத்துல மாவோவ வரையறதுக்கு ஒரு விதி இருந்துச்சு, செவப்பா, பளிச்சுன்னு, மினுமினுப்பா இருக்கணும், முகத்துல சாம்பல் நிழல் விழக்கூடாது, வெளிச்சமே அவர்கிட்ட இருந்து தான் வர்ற மாதிரி தெரியணும். அதனால எந்த கலைஞராவது மாவோ முகத்துல நிழல் போட்டா, சாம்பல் பூசுனா, முகத்தையே எடுத்துட்டா அந்த விதிய தெரிஞ்சே தான் ஒடைக்கிறாங்க.

ஜாங் ஹோங்து கான்சுவில பொறந்தவர், 1982-ல நியூயார்க் போனார். அங்க காலையில சாப்பிட வாங்குன குவேக்கர் ஓட்ஸ் டப்பாவுல இருக்குற அந்த சிரிச்ச முகம் அவருக்கு மாவோ மாதிரியே தெரிஞ்சுது, 1987-ல அந்த டப்பா மேலயே மாவோ தொப்பி வரைஞ்சார். பசிபிக் தாண்டி போயும் டப்பாவுல கூட அந்த முகம் தான் தெரியுதுன்னா அது எவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்கணும். எனக்கு அவரோடதுல ரொம்ப புடிச்சது 1995-ல செஞ்ச பிங்பாங் டேபிள். சாதாரண பச்ச டேபிள், நடுவுல வலை, ஆனா ரெண்டு பக்கமும் பலகைய மாவோவோட தலை தோள் வடிவத்துல வெட்டி எடுத்திருப்பார். அந்த ஓட்டை தான் மாவோ. நீங்க விளையாடலாம், ஆனா பந்து அந்த ஓட்டையில விழாம அடிக்கணும், அப்போ என்ன ஆகும்னா ஆட்டம் முழுக்க உங்க கண்ணு எதிராளி மேல இருக்காது, இல்லாத அந்த ஆள் மேல தான் இருக்கும். சீனா அமெரிக்கா உறவு 1971-ல பிங்பாங் டீம் மூலமா தான் தொறந்துச்சுங்கறதையும் இதோட சேத்துக்கோங்க.

அவர் 1989-ல வரைஞ்ச இன்னொன்னு, இயேசுவோட கடைசி விருந்துல இருக்குற 13 பேரும் மாவோவாவே இருப்பாங்க. தியானன்மென் மாணவர்களுக்கு ஆதரவா அமெரிக்க செனட் கட்டடத்துல வச்ச கண்காட்சிக்கு அத அனுப்புனப்போ மத உணர்வ புண்படுத்தும்னு அங்கயும் ஏத்துக்கல. வெளிய வந்துட்டா எல்லாத்தையும் காட்டலாம்ங்கறது நாமளா நெனச்சுக்கிறது.

காவ் ஜென், காவ் சியாங்னு ரெண்டு அண்ணன் தம்பி, அவங்க அப்பாவ 1968-ல புடிச்சுட்டு போனாங்க, காவல்லயே செத்துட்டார். அவங்க 2009-ல வெண்கலத்துல மாவோவ முழங்கால் போட வச்சாங்க, நெஞ்சுல கை, முகத்துல குற்ற உணர்ச்சி. தலைய தனியா கழட்டலாம், அதிகாரிங்க கண்ணுல படாம இருக்க தலைய வேற எடத்துல மறைச்சு வச்சிருந்தாங்க. இங்க நான் சொன்ன தேதிக் கணக்க போட்டுப் பாருங்க. சிலை 2009. வீரர்களையும் தியாகிகளையும் அவமதிச்சா கிரிமினல் குத்தம்னு சட்டம் 2021. காவ் ஜென் அமெரிக்கா போனது 2022. 2024 ஆகஸ்ட்ல சொந்தக்காரங்கள பாக்க ஊருக்கு போனப்போ அவர கைது பண்ணாங்க, காரணமா காட்டுனது பத்து வருஷத்துக்கு மேல பழசான சிலைங்கள. இத படிச்ச நாள் எனக்கு வேற வேலையே ஓடல.

எதுல செஞ்சிருக்காங்க?

என்னைக் கேட்டா இது தான் ரொம்ப முக்கியமான கேள்வி. சின்னம்னா உருவம்னு நாம நெனைக்கிறோம், ஆனா இந்த கலைஞர்கள்ல நெறைய பேருக்கு பொருளே தான் சாட்சி.

2008 மே 12 சிச்சுவான் பூகம்பத்துல 69,000 பேருக்கு மேல செத்தாங்க. பக்கத்து கட்டடம் நிக்கும்போது ஸ்கூல் மட்டும் பொலபொலன்னு விழுந்த எடங்கள் இருந்துச்சு, ஜனங்க அத "டோஃபு சக்கை கட்டடம்"னாங்க, சோயா பால் பிழிஞ்சதும் மிஞ்சுற சக்கை மாதிரி கையால தொட்டா உதிரும்னு. எத்தன புள்ளைங்க செத்துச்சுன்னு அரசாங்கம் பேரோட சொல்லல. ஐ வெய்வெய் தன்னார்வலர்கள அனுப்பி வீடு வீடா கேட்டு 5000-க்கு மேல பேர் சேத்தார். 2009 ஆகஸ்ட்ல இந்த விவகாரத்துல சாட்சி சொல்ல செங்டு போனப்போ ராத்திரி ஹோட்டல் ரூம்ல போலீஸ் அடிச்சுது, அடுத்த மாசம் ஜெர்மனியில மூளையில ஆபரேஷன் பண்ண வேண்டியதா போச்சு.

அதே வருஷம் ஜெர்மனியில மியூனிக் ஊர்ல ஹவுஸ் டெர் குன்ஸ்ட்ங்கற கலைக்கூடத்தோட முகப்பு முழுக்க 9000 ஸ்கூல் பைய மாட்டி சீன எழுத்துல ஒரு வரி எழுதுனார். மகள இழந்த ஒரு அம்மா சொன்னது: "இந்த உலகத்துல அவ ஏழு வருஷம் சந்தோஷமா வாழ்ந்தா." பை ஏன்னா, இடிபாட்டுக்குள்ள அவர் நேர்ல பாத்தது அதத் தான், சிமெண்ட் தூளுக்கு நடுவுல புள்ளைங்க பையும் புத்தகமும்.

அப்புறம் கம்பி. இடிஞ்ச ஸ்கூல்கள்ல இருந்து கான்கிரீட்டுக்குள்ள இருந்த இரும்புக் கம்பிய பழைய இரும்பா விலைக்கு வாங்கி, முறுக்கி வளைஞ்சு கிடந்தத ஒவ்வொன்னா சுத்தியலால அடிச்சு நேராக்க வச்சார், கிட்டத்தட்ட 150 டன், வேலை வருஷக்கணக்கா போச்சு. கண்காட்சியில பாத்தா துரு கலர்ல கம்பிங்க அலை அலையா அடுக்கி இருக்கும், நடுவுல பூமி பிளந்த மாதிரி ஒரு இடைவெளி. பக்கத்து சுவத்துல அந்த புள்ளைங்க பேரு. கம்பி கட்டுற வேலை பாத்தவங்க யாராவது இத பாத்தா நம்மள விட நல்லா புரியும், ஒரு தடவை முறுக்குன கம்பிய கையால அடிச்சு நேராக்குறது எப்பேர்ப்பட்ட வேலைன்னு. தலைப்பு "நேர்". அரசாங்கம் மூடி மறைச்சத இவங்க நேராக்கி வைக்கிறாங்க, இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

குவோ ஜியான் கதையும் பொருள் சம்பந்தப்பட்டது தான். பழைய ராணுவ வீரர், 1989-ல போராட்டத்துல நின்னவர், அப்புறம் ஆஸ்திரேலியா போய் குடிமகனாகி பெய்ஜிங்க்கே திரும்பி வந்து வேலை பாத்தார். 2014-ல தியானன்மென் சதுக்கத்தோட மாடல் ஒன்னு செஞ்சு அதுமேல 160 கிலோ பன்னி கொத்துக்கறிய பூசுனார். கறி அழுக ஆரம்பிக்கும், நாறும், அந்த நாத்தமும் படைப்போட பங்கு. 25-வது நினைவு நாளுக்கு முன்னாடி புடிச்சு, அப்புறம் நாட்ட விட்டே அனுப்பிட்டாங்க.

இல்லாதத பாருங்க

2010 டிசம்பர்ல ஆஸ்லோவுல நோபல் அமைதிப் பரிசு மேடையில ஒரு காலி நாற்காலி, பரிசு வாங்க வேண்டிய சீன எழுத்தாளர் லியு சியாவோபோ ஜெயில்ல இருந்ததால. அதுக்கப்புறம் காலி நாற்காலி படமே சீன இணையத்துல சென்சாரோட ஓடிப்புடிச்சு ஆட்டம் ஆச்சு. 2022 நவம்பர்ல ஷின்ஜியாங்ல உரும்சி நகரத்துல நடந்த தீ விபத்துக்கு அப்புறம் கோவிட் கெடுபிடிய எதிர்த்து ஜனங்க தெருவுல வெறும் ஏ4 தாள தூக்கிப் புடிச்சு நின்னாங்க. வாங் கெபிங்கோட அடைச்ச வாயும் ஜாங் ஹோங்துவோட ஓட்டையும் இதே வம்சம் தான். அதனால ஒரு படத்துல காலியா ஒரு எடம் இருந்தா அத தாண்டிப் போகாதீங்க, அங்க இருந்து தான் பாக்க ஆரம்பிக்கணும்.

தவிர்க்க வேண்டியது சிலது

வெளிநாட்டுல இருக்குற எல்லா சீன கலைஞரையும் நாடு கடந்தவங்கன்னு சொல்லிடாதீங்க. சூ பிங் படிக்கவே முடியாத, தானே உருவாக்குன கிட்டத்தட்ட 4000 எழுத்த வச்சு 1980-கள் கடைசியில ஒரு பெரிய படைப்பு செஞ்சார், 1990-ல அமெரிக்கா போனார், 2008-ல திரும்பி வந்து அதே மத்திய நுண்கலைக் கல்லூரியில துணைத் தலைவர் ஆனார். அந்த எழுத்துல அரசியல பாக்கலாம், ஆனா அது மட்டும் தான்னு அடிச்சு சொன்னா அந்த மனுஷனையும் படைப்பையும் சின்னதாக்குறோம்.

கட்சிய விமர்சிக்கிறதையும் சீன ஜனங்கள கேலி பண்றதையும் ஒன்னாக்காதீங்க. இந்த கலைஞர்கள் பேசுறது தங்களோட சொந்த ஜனங்களுக்காக. ஷேர் பண்ணும்போது சேக்குற ஒரு வரி இனவெறியா போயிட்டா அவங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போகும்.

முகம் காட்டாதவங்க முகத்த தேடாதீங்க. பாடியுச்சாவ் ஷாங்காய்ல பொறந்து 2009-ல ஆஸ்திரேலியா போன கார்ட்டூனிஸ்ட், வருஷக்கணக்கா முகமூடி போட்டுக்கிட்டு தான் வெளிய வந்தார். 2018-ல ஹாங்காங்ல அவரோட கண்காட்சி மிரட்டலால ரத்தாச்சு, ஊர்ல இருக்குற குடும்பத்துக்கு நெருக்கடி வந்துச்சு, 2019 ஜூன்ல தான் அவரே முகத்த காட்டுனார். காட்டலாமா வேணாமாங்கறது அவங்க முடிவு, ஏன்னா அடி விழுறது ஊர்ல இருக்குற அம்மா அப்பாவுக்கு. கண்காட்சிக்கு போனா மத்த பார்வையாளர்களோட முகம் விழாம போட்டோ எடுங்க, குறிப்பா சீன மாணவர்கள் வந்திருந்தா.

கடைசியா நீங்களே ஒன்னு பாருங்க

பெய்ஜிங்ல ஐ வெய்வெய்யோட ஸ்டூடியோ கதவு, பச்சை கலர். கதவுக்கு வெளிய ஒரு சைக்கிள நிறுத்தி வச்சிருந்தார், முன்னாடி கூடை. 2013 நவம்பர் 30-ல இருந்து தெனமும் காலையில அந்த கூடையில புதுசா ஒரு பூங்கொத்து வச்சார், அத போட்டோ எடுத்து இணையத்துல போட்டார். தெருவ பாத்து கண்காணிப்பு கேமராக்கள் மாட்டியிருந்துச்சு. வேற ஒன்னும் இல்ல, கோஷம் இல்ல, மாவோ இல்ல, செவப்பு இல்ல. மழைன்னாலும் பனின்னாலும் பூ வந்துச்சு, மொத்தம் 600 நாள்.

இதுவரைக்கும் சொன்ன கேள்விகள இதுகிட்ட கேளுங்க. எதுல செஞ்சது, எவ்வளவு நாள் தாங்கும், யார் பாக்குறாங்க, யார் அங்க இல்ல, எங்கயும் போகாத சைக்கிள் ஏன். எழுதி வச்சுட்டு பூ நின்னு போன தேதிய தேடுங்க. 2015 ஜூலை 22. அன்னிக்கு தான் அவர் பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்தாங்க.